கண்காட்சிக்குப் போன 900 அடி ஓஸ்

எங்கள் தோட்டத்துச் சாளையில் வடக்கு மூலை ஒன்று இருக்கிறது. ஒன்றுக்கும் ஆகாத சாமான்களுக்கென்றே விட்ட மூலை. சாளை தெரியாதவர்களுக்கு: தோட்டத்துக்குள்ளேயே கட்டியிருக்கும் ஓட்டுக் கொட்டகைங்க. மாடு, தீவனம், உர மூட்டை, மழைக்கு ஒதுங்கும் ஆள் எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். அந்த வடக்கு மூலையில் என்னென்ன கிடக்கிறது என்று எவரும் கணக்கு வைத்ததில்லை. வீட்டில் வருசத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முந்தி, "இதையெல்லாம் ஆக்கர் கடைக்குப் போடுங்க, பாம்பு வந்து அடையுது" என்பார்கள். நானும் "போடலாம் போடலாம்" என்பேன். சென்னைக்காரர்கள் காயலாங்கடை என்பதைத்தான் எங்கள் பக்கம் ஆக்கர் கடை என்கிறோம்.

போன வருசம் அந்த மூலையைத் தேடி ஒரு ஆள் வந்தது. பங்காளி மகள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற பிள்ளை. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவள். "இதைப் படிச்சுட்டு என்ன பண்ணுவா?" என்று ஊரே வெசனப்பட்டது, அவள் படவில்லை. கோயம்புத்தூரில் ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து வாடகைக்கு ஒரு கூடம் பிடித்துக் கண்காட்சி வைக்கிறார்களாம். கடையில் வாங்கின சாமான் எதுவும் கூடாது. கழிச்சுப் போட்டது, உடைஞ்சது, குப்பையில் எடுத்தது, இதை வைத்துத்தான் செய்யணும் என்பது ஏற்பாடு.

"பெரியப்பா, உங்க சாளையில ஏதாச்சும் கிடைக்குங்களா?"

"கிடைக்கிறதா? ஒரு லாரி இருக்குது சாமி. உங்க பெரீம்மா உனக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவா."

அன்று சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் அந்த மூலையைக் கிளறினோம். ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு வந்து "இது என்னங்க பெரியப்பா?" என்று கேட்பாள். நான் சொல்வேன். சொல்லிக்கொண்டே போகும்போதுதான் ஒன்று புலப்பட்டது. அந்த மூலையில் முக்கால்வாசி சாமான் தண்ணீர் எடுத்த சாமான்.

எல்லாத்துக்கும் அடியில் கிடந்தது கவலைச் சால். தகரத்தில் செய்த பெரிய கூடை மாதிரி இருக்கும். அடியில் தோல் வால் கட்டியிருப்பார்கள். வால் எப்பவோ எலி தின்றுவிட்டது. அப்பாரு காலத்தில் ரெண்டு காங்கேயம் மாடு பூட்டி இறைத்தது. மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும், மாடு பின்னாலேயே ஏறினால் சால் கிணத்துக்குள் இறங்கும். இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்து மேலேயே உட்கார்ந்து பாரம் கொடுப்பார். நானும் சின்ன வயசில் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது கிணறு 45 அடி.

அதற்கு மேலே ஆயில் என்ஜின் போட்டபோது வாங்கின புட்வால்வு. கிணற்றை 75 அடிக்கு வெட்டியிருந்தோம். அப்புறம் கரண்டு வந்து, 5 எச்.பி. மோட்டார். அதன் கருகின காயில் மட்டும் கிடந்தது. கிணறு 110 அடி. அதோடு கிணற்றுக் கதை முடிந்தது. பக்கத்திலேயே போர் போட்டு 320 அடியில் கம்பரசர் குழாய் இறக்கினோம். அந்தக் குழாயில் ரெண்டு துண்டு. அப்புறம் 600 அடி. அதில் ஓடிய சப்மெர்சிபிள் மோட்டார். கடைசியாக 900 அடி. போன கோடையில் அதுவும் காற்றைத் தள்ள ஆரம்பித்தது. மோட்டாரை மேலே தூக்கி, அதோடு வந்த கறுப்பு ஓஸ் குழாய் 900 அடியையும் சுருட்டி அந்த மூலையில் போட்டிருந்தேன்.

ஓஸைப் பார்த்ததும் பிள்ளைக்குக் கண் அகன்றது. "இது எத்தனை அடிங்க?" என்று ரெண்டு தடவை கேட்டாள்.

"அதை மட்டும் எடுத்துட்டுப் போ. ஆனா திருப்பிக் குடுத்தரோணும் கண்ணு. மறுக்கா போர் போட்டா வேணும். மத்ததெல்லாம் நீயே வெச்சுக்க."

கண்காட்சிக்கு நானும் வீட்டிலும் போனோம். பொண்ணு பார்க்கப் போகிற மாதிரி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. உள்ளே வெள்ளைச் சுவர், ஏசி, சத்தமே இல்லை. எங்கள் சாளைச் சாமான் அந்த வெளிச்சத்தில் கிடக்கிறதைப் பார்க்க எனக்கு என்னமோ போல ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கப் போன மாதிரி.

நம்ம பிள்ளை செய்தது இவ்வளவுதான். தனியாக அவளுக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள், முப்பதுக்கு நாற்பத்தைந்து அடி இருக்கும். அந்தத் தரை முழுக்க ஓஸ் குழாயைக் கொசுவத்திச் சுருள் மாதிரி சுற்றி வைத்திருந்தாள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற அகலம். வாசலில், குழாய் ஆரம்பிக்கிற இடத்தில், கவலைச் சால். நட்டநடுவில், குழாய் முடிகிற இடத்தில், சப்மெர்சிபிள் மோட்டார் நெட்டுக்குத்தலாக நிற்கிறது. நாம் சாலில் ஆரம்பித்து, குழாய் கூடவே நடந்து, சுற்றிச் சுற்றி மோட்டாருக்குப் போய்ச் சேரணும். குழாய் மேல் வெள்ளைப் பெயிண்டில் வளையம் போட்டு எண் எழுதியிருந்தாள். 45. 75. 110. 320. 600. 900. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அந்தந்தக் காலத்துச் சாமான்.

நான் நடந்தேன். 45-லிருந்து 75-க்குப் பத்துப் பதினஞ்சு எட்டு. 110 அங்கேயே பக்கத்தில். மூணு தலைமுறை அந்த ஒரு பக்கத்துச் சுவரோரமே முடிந்துவிட்டது. அப்புறம் நடக்கிறேன், நடக்கிறேன், 320. மறுபடி நடை. 600-லிருந்து 900-க்குப் போகிற வரைக்கும் தரையில் ஒன்றுமே இல்லை. வெறும் கறுப்புக் குழாய். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அந்த இடத்தில் வேகமாக நடந்தார்கள். என்னால் முடியவில்லை. எங்கள் கடன் பூராவும் அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் இருந்தது. வித்த மாடு, அடகு வைத்த வளையல், பையன் படிப்புக்கு எடுத்து வைத்த பணம், எல்லாம் 320-க்கும் 900-க்கும் நடுவில். வீட்டில் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். "கால் வலிக்குதுங்க" என்றார்கள். நாள் முழுக்கக் களை வெட்டினாலும் அவர்களுக்குக் கால் வலிக்காது.

அங்கே ஒரு அம்மா, சிட்டிக்காரங்க, கூடவே நடந்து வந்தவர், நடு மோட்டார்கிட்ட நின்று சொன்னார்: "எங்க அப்பார்ட்மென்ட் போர் 1,200 அடிங்க. அப்ப எங்களுது இந்த ரூமை விட்டு வெளியில ரோட்டுக்கே போயிருமே!" சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அவருக்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன இருக்கிறது, ரெண்டு பேரும் ஒரே பானையில்தான் ஓட்டை போடுகிறோம்.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு பையன் வண்டிச் சக்கரத்தில் பல்பு மாட்டிக் கூரையில் தொங்க விட்டிருந்தான். இதை நான் பைபாஸ் ஓரத்து ஓட்டல்களில் நிறையப் பார்த்தாச்சு. இன்னொருத்தர் கலப்பைக்குத் தங்கப் பெயிண்ட் அடித்து, ரெண்டு காது வைத்து, குதிரை என்று நிறுத்தியிருந்தார். அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. வித்துப்போச்சு என்பதற்கு அடையாளமாம். விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல காளைக் கன்று வாங்கலாம். விலைக்காக எனக்கு வருத்தமில்லைங்க, விக்கிறவன் சாமர்த்தியம். நுகத்தடி ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள், அதுதான் பொறுக்கவில்லை. மாட்டுக் கழுத்து பட்டுப் பட்டுக் கண்ணாடி மாதிரி வழவழப்பான பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. வெடிப்பு விட்டுக் கரடுமுரடாக இருக்கிற பக்கம் எங்களைப் பார்த்து இருந்தது.

"ஏன் தம்பி இப்பிடித் திருப்பி மாட்டியிருக்க?"

"இந்தப் பக்கம்தான் அங்கிள் பழசா தெரியுது."

பழசு வேறு, உழைச்சது வேறு. வெயிலில் போட்டால் எந்தக் கட்டையும் ஆறே மாதத்தில் பழசாகிவிடும். அந்த வழவழப்பு வர முப்பது வருசம் ஆகும், எத்தனை ஜோடி மாடு போயிருக்கும். கையை வைத்துக் காட்டலாம் என்று தொட்டேன். கூடத்துக் காவலாளி ஓடி வந்தார், "ஐயா, தொடக் கூடாதுங்க." என்ன செய்ய, அது அவர் வேலை.

சோமனூர்ப் பக்கத்துப் பையன் செய்தது வேறு மாதிரி. அவங்க அப்பா விசைத்தறியை எடைக்குப் போட்டுவிட்டாராம். தறி நாடா மட்டும் ஒரு சாக்கு நிறைய மிச்சம். நாடாவை ரெண்டு முனையும் கூராக, படகு மாதிரி செய்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் ஒரு சுவர் நீளத்துக்குக் குருவிக் கூட்டம் பறக்கிற மாதிரி வரிசையாக அடித்திருந்தான். ஒரு பெயிண்டும் அடிக்கவில்லை. எண்ணெய்க் கறை, விரல் பட்ட தேய்மானம், எல்லாம் அப்படியே. தறிச் சத்தம் நின்ற பின்னால் அந்த வீடு எப்படி இருக்கும் என்று அதைப் பார்த்தால் தெரியும். அதற்குச் சிவப்புப் பொட்டு வரவில்லை.

வெளியே வந்து டீ குடிக்கும்போது நம்ம பிள்ளையிடம் ஒரு சண்டை போட்டேன். அவள் ஓஸ் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைத்திருந்தாள். 'கண்டெடுத்த பொருட்கள்' என்று.

"யாரு சாமி கண்டெடுத்தா? நாங்க எப்ப அதைத் தொலைச்சோம்?"

அது கலையில் இருக்கிற பேருங்க பெரியப்பா என்று சொல்லி, போனில் ஒரு படம் காட்டினாள். பிக்காசோ 1942-ல் செய்த காளைத் தலை. பழைய சைக்கிள் சீட்டு முகம், ஹேண்டில்பார் கொம்பு. அவ்வளவுதான், வேறு ஒன்றுமே சேர்க்கவில்லை. பார்த்ததும் காளை. கொம்பு நம்ம காங்கேயம் மாட்டுக்கு வராது, அது பின்னால் சாய்ந்து உள்ளே வளையணும். ஆனாலும் மனுசன் மாட்டைப் பார்த்திருக்கிறார். ஒத்துக்கொண்டேன். ஆனால் பேரை ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த மாதிரிக் கலை எனக்குப் புதுசில்லை என்றும் அவளிடம் சொன்னேன். உழவர் சுற்றுலாவில் பஞ்சாப் போனபோது சண்டிகரில் ராக் கார்டன் காட்டினார்கள். நேக் சந்த் என்று ஒருத்தர், பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். புது நகரம் கட்டுவதற்காகப் பல ஊர்களை இடித்தார்கள் இல்லையா, அந்த இடிபாட்டை 1957 வாக்கிலிருந்து சைக்கிளில் வைத்துக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். உடைந்த வளையல், பீங்கான், ஓடு, கல். ராத்திரி ராத்திரி ஆளும் மாடும் பறவையுமாகச் செய்து நிறுத்தியிருக்கிறார். அரசாங்க நிலத்தில், ஒருத்தருக்கும் தெரியாமல், பதினெட்டு வருசம் போல. தெரிந்த பின்னால் இடிக்கவும் பேச்சு வந்து, கடைசியில் 1976-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இப்போது 40 ஏக்கர். வளையல் துண்டிலேயே செய்த பொம்பளைக் கூட்டம் ஒன்று அங்கே நிற்கிறது. அந்த வளையலை உடைத்த கைகள் எந்த ஊர்க் கைகளோ என்றுதான் எனக்குத் தோணுச்சு. அவருக்கும் சொந்த ஊர் பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அங்கே எந்தப் பொம்மையும் எனக்கு 'கண்டெடுத்தது' மாதிரித் தெரியவில்லை.

கொச்சி பினாலே 2012 டிசம்பரில் முதல் தடவை நடந்ததல்லவா. அதையும் பார்த்தேன், எர்ணாகுளத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேசத்துக்குப் போன இடத்தில். சுபோத் குப்தா என்பவர் ஒரு பெரிய கேரளப் படகில் கட்டில், நாற்காலி, பானை, வலை, சைக்கிள் என்று ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான் அத்தனையும் ஏற்றி நிறுத்தியிருந்தார். வெள்ளத்துக்கு ஊரைவிட்டுக் கிளம்பின மாதிரி. விவான் சுந்தரம் செய்தது தரையோடு கிடந்தது: பட்டணம் அகழாய்வில் கழித்துப் போட்ட பானை ஓடுகளை வைத்து ஒரு ஊரே பரப்பியிருந்தார், நடுவே மிளகு. எல்லாரும் குனிந்து அதிசயமாகப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எங்கள் ஊர் நொய்யல் கரை, கொடுமணலுக்குப் பக்கம். கொடுமணலில் 1980-களிலிருந்தே பல தடவை தோண்டி மணியும் எழுத்துப் பொறித்த பானை ஓடும் எடுத்திருக்கிறார்கள். எங்கள் காட்டில் மழை பெய்து ஏர் ஓட்டினால் கறுப்பு சிவப்பு ஓடு சும்மா மேலே வரும். கொழுவில் பட்டுக் 'கர்'ரென்று ஒரு சத்தம் கேட்கும். ஆத்தா அதை எடுத்து வரப்பு மேல் வைப்பாள். வீசி எறியமாட்டாள். "யாரு சோறாக்குன சட்டியோ" என்பாள். சேர நாட்டுத் துறைமுகத்துக்குப் போன சரக்கு நம்ம ஊர் வழியாகப் போயிருக்கிறது, அந்த ஓடும் இந்த ஓடும் ஒரு காலத்தில் ஒரே வண்டிப் பாதையில் இருந்தவைதான் என்று நினைத்துக்கொண்டு கொச்சியில் நின்றிருந்தேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பிள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் போன் போட்டு, மாத்திட்டேனுங்க என்றாள். என்ன எழுதினாள் தெரியுமா? சால், புட்வால்வு, காயில், கம்பரசர் குழாய், சப்மெர்சிபிள், ஓஸ். ஒவ்வொன்றின் பேர், எந்த வருசத்திலிருந்து எந்த வருசம் வரை ஓடியது, ஊர்ப் பேர். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அன்று அவள் ஒன்று கேட்டாள், அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. "பெரியப்பா, இப்ப நீங்க பண்ணயத்துல தூக்கிப் போடறது எல்லாம் என்னங்க?" யோசித்துப் பார்த்தேன். சொட்டுநீர் லேட்டரல் குழாய், அஞ்சாறு வருசத்தில் வெடித்துப் போகிறது. மல்ச்சிங் சீட், ஒரே வெள்ளாமைக்குக் கிழிந்து காடு பூராப் பறக்கிறது, கிளுவை வேலியில் சிக்கிப் பேய் மாதிரி ஆடும். மருந்து டப்பா, உரச் சாக்கு. அப்புறம் பாட்டில் மூடி. ரோட்டோரக் காட்டில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள் விட்டுப் போகிறது. மூடி போகட்டும், உடைந்த பாட்டில் மாட்டுக் காலைக் கிழிக்கிறது. கானாவில் பிறந்து நைஜீரியாவில் இருந்து வேலை செய்த எல் அனட்சுயி என்கிற பெரியவர், சாராய பாட்டில் மூடிகளைத் தட்டி மடித்துச் செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கில் தைத்துப் பெரிய பெரிய துணி மாதிரி தொங்கவிடுகிறார் என்று படம் காட்டினாள். பட்டுச் சேலை தோற்றது. நம்ம ரோட்டோரத்தில் பொறுக்கினால் எங்கள் ஊர் முழுக்கப் போர்த்தலாம்.

ஆனால் மல்ச்சிங் சீட்டை வைத்து என்ன செய்ய? சாலை நூறு வருசம் கழித்து எடுத்தாலும் யார் கை பட்டது என்று தெரியும். இந்தச் சீட்டில் ஒரு கையும் பட்டிருக்காது. டிராக்டர் விரித்தது, காற்று கிழித்தது. அதை வைத்துச் செய்யத்தான் இனி ஆசை என்கிறாள் பிள்ளை. எப்படிச் செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. ரெண்டு சாக்கு நிறையக் கட்டிக் கொடுத்தேன்.

சொன்ன மாதிரியே ஓஸ் திரும்பி வந்தது. பங்குனியில் ரிக் வண்டி வந்தது. திருப்பூரிலிருக்கிற பையன் "வேண்டாம்ப்பா, காட்டை வித்தரலாம்" என்றுதான் சொன்னான். இதுதான் கடைசி என்று அவனிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேன். ராத்திரி முழுக்கக் கல்மாவு பறந்து தென்னை மட்டையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. 1,060 அடி ஓட்டினோம். 980-ல் ஈரம் தட்டி, தண்ணீர் ஒன்றரை இஞ்ச். மோட்டாரை 1,040-ல் தொங்கவிடணும் என்றார்கள். இருக்கிற 900-ஓடு 140 அடி புது ஓஸ் ஒட்டினோம்.

மோட்டார் இறக்குகிறதைப் பார்க்கப் பிள்ளையும் வந்திருந்தாள். நாலு ஆள் பிடித்து இறக்குகிறார்கள். அவள் வெள்ளைப் பெயிண்டில் எழுதினதை யாரும் அழிக்கவில்லை. முதலில் 900 உள்ளே போனது. ரொம்ப நேரம் கழித்து 600. 320. அப்புறம் ஒண்ணுக்குப் பின்னால் ஒண்ணாக 110, 75. கடைசியில் 45-ம் குழிக்குள் போனது. அதற்கு மேல் புது ஓஸ். அதில் ஒன்றும் எழுதவில்லை. பெயிண்ட் டப்பாவைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"மேல நிக்கிற ஓஸ்ல 1,040-ன்னு எழுதட்டுங்களா பெரியப்பா?"

மூணு நாள் ஓடட்டும் கண்ணு, தண்ணி நிக்குதான்னு பாத்துட்டுப் பொறவு எழுதலாம்னு சொன்னேன்.